வெள்ளைக்கொடி மேட்டில் ஒரு குத்துப்பாட்டு

போன வாரம் ஒரு சாவு வீட்டில் பாட்டுக் கச்சேரி நடத்தினேன். மோட்டார் சைக்கிளில்.

ஐம்பத்து மூன்று வயதில் மோட்டார் சைக்கிளுக்குப் பாட்டு செட் எதற்கு என்று கேட்பீர்கள். என் பின்சீட் நாலு வருடமாகக் காலி. அதற்கு முன் அதில் கதிர்வேல் இருந்தான். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். தெமோதரையிலிருந்து பதுளை வரை வாய் மூடமாட்டான். கண் ஆபரேஷனுக்குப் பயந்து அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த கதையை அப்படித்தான் ஒரு நாள் சொன்னான். நான் அதை இந்தப் பக்கத்தில் எழுதினேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவன் சிரிக்கவில்லை.

பேச்சு போன இடத்தில் பாட்டாவது இருக்கட்டும் என்று பதுளையில் செட் பூட்டினேன். இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள். ஹேண்டிலிலிருந்து கையை எடுக்காமலே எல்லாம் செய்யலாம்.

வயரிங் செய்தவர் கேட்டார்: “சாவிய ஓஃப் பண்ணினா பாட்டும் நிக்கட்டுமாங்க?”

“வேணாங்க. நிப்பாட்டி டீ குடிக்கிறப்பவும் பாடணும். பேட்டரியிலிருந்து நேரா குடுங்க.”

விவரம் தெரிந்தவன் பேசுவதாக நினைப்பு.

செவ்வாய்க்கிழமை அந்த அப்பா இறந்துபோனார். பகையாளியும் போகிற இடம் சாவு வீடு. அவன் கையைப் பிடித்து ஒரே வார்த்தை... ‘மன்னிச்சிரு.’ அவ்வளவுதான் திட்டம்.

நம் தேயிலைத் தோட்டங்களில், சாவுக்கு வழிநெடுகக் கட்டும் வெள்ளைக்கொடி தொடங்குகிற இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. பாட்டை நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். இறங்கித் தள்ளினேன். மேடு, தூறல், மூக்குக்கண்ணாடியில் பனி. மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறவனின் கட்டைவிரல் எங்கே இருக்கும்? பொத்தான் மேல்தான்.

லயத்து வீட்டு வாசலில், சவப்பெட்டிக்கு எதிரே — குத்துப்பாட்டு.

பதறி அடுத்த பொத்தானை அழுத்தினேன். சத்தம் கூடியது. சாவியைத் திருகினேன். வண்டி ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது; பாட்டுக்குத்தான் பேட்டரி நேராகக் கொடுத்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டப் பழகிய விரலுக்கு நிறுத்தத் தெரிவதில்லை... பேனா பிடித்தாலும் அதே விரல்தானே?

தப்பு மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

“மாஸ்டர் தனி செட்டு கொண்டாந்திருக்காருப்பா,” என்றார் ஒருவர்.

“அப்ப நாம டீய குடிப்போம்,” என்றார் இன்னொருவர்.

கதிர்வேல் எழுந்து வந்தான். ஈர வேட்டி. நாலு வருடத்தில் முதல் பேச்சு.

“பக்க மூடியத் தெற.”

திறந்தேன். செட்டின் ஃபியூஸைப் பிடுங்கினான். பாட்டு நின்றது.

“கதிரு...” என்றேன்.

“எழுதுறதுக்கு வேற வீடு கெடைக்கலியா ஒனக்கு?”

ஃபியூஸை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவிடம் திரும்பிப் போனான். நான் கொண்டுபோன வார்த்தை அப்படியே திரும்பி வந்தது, தள்ளிய வண்டியோடு.

இப்போது பின்சீட்டும் ஊமை, செட்டும் ஊமை. ஃபியூஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். வாங்கவில்லை. அதைக் கேட்கிற சாக்கில் ஒரு நாள் அவன் வாசலுக்குப் போகலாம் என்றிருந்தேன்...

அதற்குள் இதையும் எழுதிவிட்டேன்.