கொதிநீரில் போன படை

என் நண்பன் வண்ணம் தீட்டிய போர்வீரர் பொம்மைகளை என் அண்ணன் வேகவைத்துவிட்டான். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்துத் தொலையட்டும்.

கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகள் அவை. மேசையில் இரண்டு படைகளை எதிரெதிரே நிறுத்தி, பகடை உருட்டி, அளந்து நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கானவை. எனக்குத் தெரிந்து காஞ்சிபுரத்தில் அதை ஆடியது நாங்கள் இருவர்தான். அவன் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். பொம்மைகள் வெறும் சாம்பல் நிறத்தில்தான் வரும், வண்ணம் நாம்தான் பூச வேண்டும். நான் பூசினால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அவன் மிளகளவு கேடயத்தில் புடவைக் கரையின் கோபுர வரிசையை வரைவான். குதிரைக்குக் கண் வைப்பான்.

பக்கவாதம் வந்து அவனுடைய வலது கை போயிற்று. பொம்மைப் பெட்டியைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டான். பிறகு ஒருநாள் அவனே கேட்டான்.

"ஒரு ஆட்டம் ஆடலாம்பா. இடது கையால நவுத்துறேன்."

முயன்று பார்த்தோம். ஒவ்வொரு பொம்மையும் பொத்தான் அளவு அடித்தட்டில் நின்றது. அவன் விரல் பட்டதும் விழுந்தது. நாலைந்து விழுந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

அதனால் எல்லாவற்றையும் பிரித்து மாற்றி ஒட்டுவது என்று முடிவு செய்தேன். பழைய தட்டுகளைக் கழற்றி, வில்லாளிகள் தனி, ஈட்டிக்காரர்கள் தனி, குதிரைகள் தனி என்று சேர்த்து, நான்கு நான்காக அகலமான மரப்பலகையில் ஒட்டினால் அவன் பலகையோடு பிடித்து நகர்த்தலாம். ஆனால் பழைய பசை விடவில்லை. பிளேடால் நெம்பியதில் ஒரு வீரனுக்குக் கணுக்கால் முறிந்தது. கெட்ட வார்த்தையில் கத்தினேன். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா பிரச்சன?"

"பசை வர மாட்டேங்குது."

அதோடு அவன் விட்டிருக்க வேண்டும். அண்ணன் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். கச்சாப் பட்டில் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அலசி அதை எடுத்த பிறகுதான் சாயம் ஏறும். அவனுக்கு உலகத்தில் பசை என்றால் அந்த ஒன்றுதான்.

மறுநாள் வேலை முடிந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். முகமெல்லாம் பெருமை.

"ஒரே கொதி வுட்டேன். எப்டி கழண்டு வந்துருக்குது பாரு!"

அண்டாவில் நீர் சேறாக இருந்தது. பொம்மைகள் பழையபடி சாம்பல் நிறமாகியிருந்தன. ஈட்டிகள் வளைந்திருந்தன. ஒரு கேடயத்திலும் கரை இல்லை.

"அறிவிருக்குதா உனக்கு? அத இனிமே யாரு வரைவா?"

"கலர் தானேடா? நான் போடாத கலரா? அரக்கா, மாம்பழமா, சொல்லு."

அடித்திருப்பேன். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான். அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஈட்டிகளை முடிந்தவரை நிமிர்த்தி, பலகைகளில் ஒட்டி, ஞாயிறன்று சின்ன காஞ்சிபுரத்தில் நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். போகிற வழியெல்லாம் பொய் யோசித்தேன். ஒன்றும் ஒப்பேறவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

நண்பன் இடது கையால் ஒரு பலகையைத் தூக்கினான். நடுக்கமில்லாமல் பிடித்தான். ஒன்றும் விழவில்லை. கட்டைவிரலால் ஒரு கேடயத்தைத் தடவினான்.

"உங்க அண்ணன் சுத்தமா பசை எடுப்பான்னு ஊருக்கே தெரியும்பா" என்று வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தான்.

"நான் வேற கலர் பூசிக்கினு வரட்டா?"

"யாரு, நீயா? சாமி, வேணாம். சுண்ணாம்பு அடிச்சிடுவ."

பலகையைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"கை போனாலும் நான் போட்டது இருக்குதேன்னு இருந்தேன்பா. எடுத்துக்கினு போ."

"ஒரு ஆட்டமாவது..."

"எடுத்துக்கினு போன்னேன்."

பெட்டியில் போட்டேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, போகும்போது கதவைச் சாத்தச் சொன்னான். சாத்திவிட்டு வந்தேன். அதன்பின் அவன் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. போய் என்ன சொல்வது?