பீங்கான் நண்டின் கடைசிச் சோடிக் கால்

ஃபார்மலின் நெடி. ஜாடி மூடியைத் திருகியதும் மூக்கில் ஏறி, கண்ணில் கரித்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணீருக்கு அதன்மேல் பழியைப் போட்டுவிடலாம். பழி போடுவதில் நான் கெட்டிக்காரன்.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி, விலங்கியல் துறையில் ஆசிரியர் வேலை. கடல் எங்களுக்கு ஜாடிக்குள்தான். தூத்துக்குடிக்குப் போன மாணவர்கள் கல்லைப் புரட்டிப் பொறுக்கி வந்த நண்டுகள்: விரல்நகம் அளவு, தட்டை, வழவழப்பு. பெயர்ச்சீட்டு எழுத உட்கார்ந்தேன். நண்டென்றால் கொடுக்கு இரண்டு, நடக்க எட்டுக் கால். இவற்றுக்கு நடக்க ஆறே ஆறு. ஜாடிகளில் மருந்து மாற்றியவர், மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தற்காலிக உதவியாளர். அவர் ‘பெரிய சார்’ என்று கூப்பிடும் துறைத்தலைவர் முன்னாலேயே கத்தினேன்.

"அம்புட்டுக் காலையும் ஒடச்சு வச்சிருக்கீங்களேம்மா!"

"ஒடச்சு நான் என்ன நண்டு ரசமா வச்சேன்? எல்லா நண்டுலயுமா சார் ஒண்ணுபோல ஒடையும்?"

லேபில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை. "எதுத்துப் பேசாதீங்க" என்றேன். அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை.

பிறகொரு மதியம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓட்டின் பின்விளிம்பில், நூலிழைபோல், மடித்து ஒடுக்கிய ஒரு சோடிக் கால். செவுளைத் துடைத்துக்கொள்ள மட்டும் நீளும் கால். நீண்ட உணர்கொம்பு கண்ணுக்கு வெளிப்பக்கம். வயிற்று மடிப்பை நிமிர்த்தினால், இறாலுக்கு இருப்பதுபோல ஒரு வால்விசிறி. பீங்கான் நண்டுக் குடும்பம். நண்டின் சாயல், ஆனால் அசல் நண்டு இல்லை. படித்ததுதான். பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்ததுதான். சத்தமில்லாமல் சரியான சீட்டை ஒட்டினேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த உதவியாளரைப் பார்த்தேன். ஏதோ கிளினிக்கில் தரை துடைக்கிறாராம். ராஜபாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறாமல் அவர் பக்கம் போனேன்.

"அந்தக் காலெல்லாம் இருந்துச்சும்மா. நாந்தான் பாக்கல."

"நான் ஒடைக்கலன்னு எனக்குத் தெரியாதா சார்? பெரிய சார்ட்ட சொல்லிட்டீயளா?"

"இன்னும் இல்ல..."

"பொறவு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? பஸ்ஸ எடுக்கான், ஏறுங்க."