லாடம் இல்லாத சண்டி

எங்கள் தச்சுப் பட்டறையில் மரம் இழைப்பது மாமா, சாயம் பூசுவது நான். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த ஆள் மாமாவின் மனைவி, என் அக்காதான். முடிந்த கதவு ஜன்னல்களைக் குதிரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குகிறவள் அவள். குதிரையின் பெயர் சண்டி. வாங்கிய புதிதில் ஒரு வாரம் பட்டறை வாசலை விட்டு நகர மறுத்ததால் வந்த பெயர் அது. அக்காவும் அதே ரகம் என்பதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அந்த வருடம் சண்டியின் முன்னங்கால்களில் லாடம் நிற்கவே இல்லை. அடித்த பத்தாம் நாள் கழன்று விழுந்தது. லாடம் அடிக்கிறவர் குளம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"ஓரம் பூரா ஓட்டையும் வெடிப்புமா இருக்கும்மா. இனிமே ஆணி அடிக்க இடமே இல்ல."

சண்டி நொண்ட ஆரம்பித்தது. பட்டறைக்கு மூத்தவர் மாமாவின் அண்ணன். அவர் அதை விற்றுவிடச் செங்கல் சூளைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார். சூளைக்குப் போன நொண்டிக் குதிரை எதுவும் ஆறு மாதம் தாண்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா விடுவாளா? குதிரை டாக்டரம்மாவைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் எல்லா லாடத்தையும் கழற்றினார். அரத்தால் குளம்பின் ஓரத்தை மட்டும் லேசாக உருட்டிவிட்டார்.

"வெறுங்காலோட விடுங்க. மேலேருந்து புதுக் குளம்பு வளரும். ஆணி ஓட்டையெல்லாம் கீழ இறங்கித் தேய நாலு மாசம் ஆகும்."

"சரி, நாலு மாசம்" என்றார் பெரியவர். "அன்னிக்கு இந்த வாசல் ஜல்லியில நொண்டாம நடக்கணும். இல்லேன்னா சூளைதான்."

அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு உலகம் இல்லை. காலையும் மாலையும் நான்கு காலையும் தூக்கி, மழுங்கின கொக்கியால் சேற்றைச் சுரண்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைப்பாள். படுக்க மரச்சுருளைக் கொட்டி வைப்பாள். முதலில் மண் தரையில் நடத்தினாள், பிறகு ரோட்டில். புதுக் குளம்பு வெடிப்பில்லாமல் இறங்கி வருவதைத் தினமும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பெற்ற பிள்ளைக்குப் பல் முளைத்தபோதுகூட இத்தனை முறை கூப்பிடவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் எங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்கா இரண்டு நாள் போகவேண்டி வந்தது.

"கழுவித் தொடைச்சா போதும். வேற எதுலயும் கை வெக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

மாமா தங்கமான மனிதர். ஆனால் எது சொரசொரப்பாக இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. சண்டியின் காலைத் தூக்கியதும் முகம் சுளித்தார்.

"என்ன மாப்ளே, அடியெல்லாம் மேடும் பள்ளமுமா இருக்கு? இதுல எப்படி நடக்கும்?"

அரத்தை எடுத்தார். "இன்னும் ஒரே ஒரு இழுப்பு" என்று சொல்லிச் சொல்லியே நான்கு அடியையும் மேஜைப் பலகைபோல வழவழவென்று ஆக்கிவிட்டார். காலைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டுக் களவாணி நான். என் பங்குக்கு வார்னிஷும் அடித்தேன். இரண்டு பேரும் தள்ளி நின்று அழகு பார்த்தோம். இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையலாம்போல இருக்கிறது.

மறுநாள் சண்டி காலை ஊன்றவே இல்லை. திரும்பி வந்த அக்கா குனிந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"அந்தக் காய்ப்புதாங்க அதுக்குச் செருப்பு. ரெண்டு மாசமா ஏறினதச் சீவித் தள்ளிட்டீங்களே!"

மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தார். இருபது வருடம் உளி பிடித்துக் காய்த்துப்போன கை. அக்கா அரத்தைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் மாமா சண்டியின் இடத்தில் தானே நின்று வண்டியை இழுத்தார். பின்னால் தள்ளியது நான்.

"என்னண்ணே, குதிரைக்கு லீவா?" என்றார் டீக்கடைக்காரர்.

"தப்பு பண்ணவன்தானே இழுக்கணும்" என்றார் மாமா.

இரண்டு மாதம் இழுத்தார். சண்டி மரச்சுருள் மெத்தையில் நின்று ஓய்வெடுத்தது, மெல்ல நடந்தது. அடியில் மறுபடி காய்ப்பு ஏறியது.

நாலு மாதம் முடிந்த அன்று சூளைக்காரர் கயிறோடு வந்து நின்றார். அக்கா சண்டியை ஜல்லி ஓரம்வரை நடத்திவந்தாள். அங்கே நின்றுவிட்டது. அக்கா இழுக்கவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். சண்டி ஜல்லியை முகர்ந்து பார்த்தது. பிறகு முன்னங்காலை வைத்தது, அடுத்ததை வைத்தது, கொஞ்சமும் நொண்டாமல் எங்களைத் தாண்டி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. இரும்புச் சத்தமே இல்லை. ஜல்லி மட்டும் நெரிந்தது.

"கயித்தச் சுருட்டிக்குங்க" என்று சூளைக்காரரிடம் சொன்னார் பெரியவர்.

அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அரத்தைக் கொண்டுவந்து மாமாவின் கையில் வைத்தாள்.

"ஓரம் வளந்திருக்கு. உருட்டி விடுங்க."

மாமா ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். நிறுத்தி, அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"போதுமா?" என்றார்.