பரண் வாசலால் வராத தொட்டி

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் உரும்பிராயில் கிணறு வெட்டினேன், கல்வீடு கட்டினேன், பரணில் இரும்புத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தேன். போரில் மின்சாரம் நின்று தொட்டி வறண்டதும், அதைக் கவிழ்த்து, முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழியான பங்கருக்குக் கூரையாக்கலாமென்று பரணில் ஏறினேன். தொட்டியை வைத்த பிறகே சுவர் எழுப்பியிருந்தேன். அது வாசலால் வரவில்லை. பிடிவாதமாக இழுத்தபோது சரிந்து என்னைச் சுவரோடு நெரித்தது. அந்நேரம் குண்டுவீச்சு விமானம் இரைந்தது.

"பங்கருக்குள்ளை ஓடடி!" என்று மனைவியிடம் கத்தினேன்.

"நீங்கள் கட்டின வீடு விழாதெண்டு ஊரெல்லாம் சொன்னனீங்கள், இப்ப பயமோ?" என்றபடி ஏறிவந்து, பரணில் கிடந்த அலவாங்குக் கடப்பாரையால் தொட்டியை நெம்பி என்னை இழுத்தெடுத்தாள்.

குண்டு அயல் தோட்டத்தில் விழுந்தது. எல்லாம் தனியே செய்தேன் என்று அதன்பிறகு நான் பெருமையடித்ததில்லை. ஆனால் அலவாங்கைப் பரணுக்குக் கொண்டுபோனவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.