டி என்ற எழுத்தில் வந்த தாய்மாமன்

தொண்ணூறுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். முதலாளி பலசரக்கு வியாபாரக் குடும்பத்துக்காரர். அவரை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தவர், மதுரையில் இதே தொழில் செய்த அவருடைய மச்சினர். அதனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் மச்சினர் வைத்ததுதான் சட்டம். மற்ற விஷயங்களில் மச்சினரின் அக்கா வைத்தது.

எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு பகுதிகள். டியில் ‘போட்டோ’ என்றொரு ஃபோல்டர். அதில் படங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண்களே பெயர். இந்த ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்த மச்சினர், தன் கடையிலும் அச்சு மாறாமல் அதையே வைத்திருந்தார்.

பரளச்சிப் பக்கம் ஒரு விவசாயி, மகளின் காதுகுத்துக்கு போஸ்டர் போட வந்தார். ரெட்டியபட்டியில் இருந்த அவர் மனைவியின் அண்ணன், ஏதோ மனத்தாங்கலில் நெடுநாளாகப் பேசாமல் இருந்து, அப்போதுதான் சமாதானமாகியிருந்தார். ‘தாய்மாமன் அவர்களே, வருக வருக’ என்று அவர் படத்தைப் பெரிதாகப் போடவேண்டும் என்பது விவசாயியின் ஒரே கட்டளை. மாதிரியைக் காட்டினேன். திருப்தியாகப் போனார். அன்று மதியம் ஒரு விசேஷத்துக்காக நானும் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் போனபின் மச்சினர் வந்திருக்கிறார். தன் கடையில் டி எழுத்தில் இருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து, ஏதோ டிசைன்களைக் காப்பி செய்ய எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார். புது டிஸ்க்கைக் கண்டதும் கம்ப்யூட்டர் டி என்ற எழுத்தை அதற்குக் கொடுத்துவிட்டது. எங்கள் டி, சொல்லாமல் கொள்ளாமல் ஈ ஆகிவிட்டது. போஸ்டர் ஃபைலிலோ முழுப் படம் இருக்காது, படம் இருக்கும் விலாசம்தான் இருக்கும்: டி, போட்டோ, ஒன்று. அந்த விலாசத்தில் இப்போது குடியிருந்தவர் வேறு ஆள். தாய்மாமனை முன்பின் பார்த்திராத முதலாளி, மீசை வைத்த ஒருவர் திரையில் தெரிந்ததே போதுமென்று பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

தாய்மாமன் தன் போஸ்டரைப் பாளையம்பட்டியில் பஸ்ஸில் இருந்தபடி பார்த்தார். அங்கேயே இறங்கி, ஒன்றைக் கிழித்துக்கொண்டு கடைக்கு வந்தார். மச்சினரும் அப்போது இருந்தார், நானும் திரும்பியிருந்தேன்.

“பேரு எம்பேரு. மூஞ்சி யாரு மூஞ்சி?” என்று அமைதியாகத்தான் கேட்டார்.

கோட்டும் கண்ணாடியுமாக யாரோ சிரித்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மச்சினரைப் பார்த்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மச்சினர் உடனே சொன்னார்: “இவுக எங்க மதுரை கஸ்டமரு வீட்டுப் பெரியவரு. போன வாரம் தவறிட்டாக. கண்ணீர் அஞ்சலிக்கு எடுத்த போட்டோ.”

தாய்மாமன் கையிலிருந்த போஸ்டரை மறுபடி பார்த்தார். “அப்ப செத்தவுகளையா வருக வருகன்னு கூப்புட்டிருக்கீக?”

முதலாளி குடிக்கக் கலர் வரவழைத்தார். தாய்மாமன் அதைத் தொடவில்லை. தன் தங்கை புருஷன் வேண்டுமென்றே செய்த வேலை இது என்று உறுதியாக நம்பினார். பழைய மனத்தாங்கல் திரும்பிவிடும் போலிருந்தது. அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, மதுரை டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். போஸ்டரைத் திறந்ததும் திரையில் அவரே வந்தார். மாட்டித் திறந்தால் மதுரைக்காரர். இரண்டு தடவை செய்துகாட்டிய பிறகு அவருக்குக் கோபம் இறங்கியது. ஆனாலும் புது போஸ்டர் அச்சாகி வரும்வரை கடையைவிட்டு நகரவில்லை. அதைப் பழையதன் மேலேயே ஒட்டினார்கள்.

காதுகுத்துக்குச் சீரோடு போனார். முதல் போஸ்டரைப் பார்த்திருந்த சிலர், கோட்டுப் போட்டவர் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு வேறு சோலி என்று சொல்லிவிட்டாராம்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் ‘பிரைமரி’ என்கிற முதன்மைப் பகுதிக்குத்தான் கம்ப்யூட்டர் முதலில் எழுத்து கொடுக்குமாம். மதுரை டிஸ்க்கை அந்தப் பகுதி இல்லாமல் மறுபடி பிரித்தால், அது எங்கள் எழுத்துகளுக்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மச்சினர் அதில் இருந்ததையெல்லாம் வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு அப்படியே செய்தார். அடுத்த தடவை மாட்டியபோது எங்கள் டி, டியாகவே இருந்தது. அருப்புக்கோட்டைக் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு இருந்ததாகவும், தான் வந்து சரிசெய்ததாகவும் மச்சினர் எல்லாரிடமும் சொன்னார். முதலாளி ஆமாம் என்று தலையாட்டினார். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவர்.