சட்டைப் பையில் ஒரு ப்யூஸ்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே "போய் வேலையைப் பாருய்யா" என்று விரட்டுகிற ஆள் நான். இருபத்திரண்டு வருஷமாக ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்க்கிறேன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது பட்டப்பகலில், என் கடையில், என் மைத்துனன் கண்ணெதிரே நடந்தது.

காலை பத்தரைக்கு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பழைய ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"அண்ணனோட செட்டு. அவர் போய்ச் சேர்ந்துட்டார். கரண்ட் ஏறல. சாயங்காலம் வித்துடணும்."

"பார்த்து வைக்கறேன்."

"கழட்டற பழைய சாமான் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. எல்லாம் எனக்கு வேணும்."

கருகிப்போன சாமானை வைத்து என்ன செய்யப்போகிறார்? அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது.

மூடியைக் கழற்றியதும் ரத்தம் கொதித்தது. பவர் சப்ளையில் ப்யூஸ் இருக்க வேண்டிய கவ்வியில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். "இவன் மெக்கானிக்கா, கொலைகாரனா?" என்று கத்தினேன். கம்பியைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். அந்த ஆள் வரட்டும், காட்டி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

எரிந்துபோன டயோடுகளை மாற்றினேன். புது ப்யூஸ் மாட்டினேன். 12.40. வாசலோரப் பலகையில் சுவிட்சைப் போட்டேன். செட்டில் விளக்கு எரியவில்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தால்... ப்யூஸைக் காணோம். மேஜை, தரை எல்லாம் தேடினேன். கடைசியில் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

பக்கத்து ஸ்டூலில் மைத்துனன். வேலையில் சுத்தம். ஆனால் விளையாட்டுப் பேர்வழி. என் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்து வேடிக்கை பார்த்தவன்.

"டேய், உன் வேலைதானே?"

"சத்தியமா இல்ல மாமா."

மறுபடி மாட்டினேன். 1.05. சுவிட்ச் போட்டேன். இப்போதும் செத்துக் கிடந்தது. ப்யூஸ் மறுபடியும் என் பையில்.

"யார் காதுல பூ சுத்தறே? கரண்ட்ல விளையாடறவன் எனக்கு வேண்டாம். கிளம்பு. இனி கடைப் பக்கம் வராதே."

"ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க மாமா போவேன்?"

"அது எடுக்கறப்ப தெரியலையா?"

அவன் கண் கலங்கியது. வாசலோரம் போய்த் தன் சாமான்களைப் பையில் அடுக்கினான். எனக்கும் மனசு வலித்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

பலகையில் சுவிட்சை அணைத்துவிட்டு மூன்றாவது முறை மாட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. டிரான்ஸ்பார்மர் வயர் ஒன்று ஆடியது. அதை இறுக்க வேண்டும். இருந்த கோபத்தில் பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டேன். இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

1.22.

மைத்துனன் தன் சால்டரிங் அயர்னை அணைக்க வாசலோரச் சுவிட்ச் பலகையில் கை வைத்தான். கண்ணீரில் பக்கத்துச் சுவிட்சைத் தட்டிவிட்டான். என் செட்டின் சுவிட்ச்.

டக்...

பலகையில் சிவப்பு விளக்கு.

என் விரல்கள் வயரைப் பிடித்தபடி...

ஒன்றும் ஆகவில்லை.

கவ்வி காலி.

நெஞ்சில் ஏதோ ஜில்லென்று பட்டது...

பையில் ப்யூஸ்.

அவன் பத்தடி தள்ளி நின்றிருந்தான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். "மன்னிச்சுடுடா... எங்கயும் போகாதடா."

செட்டு மூடியின் உட்புறம் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன். எடுத்தது இறந்துபோனவரின் மனைவி.

"அவரும் ரிப்பேர்காரர்தான் அண்ணே. உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி ப்யூஸைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவார். யாராவது தெரியாம சுவிட்ச் போட்டாலும் ஒண்ணும் ஆகாதுல்ல? அன்னிக்கு அந்த செட்டுலதான் வேலை பார்த்துக்கிட்டிருந்தார், ப்யூஸும் பையிலதான் இருந்துச்சு. அப்புறம் எப்படி ஷாக் அடிச்சுதுன்னே புரியல. அவர் கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க."

"அப்போ கூட யார் இருந்தது?"

"அவர் தம்பி மட்டும்தான்."

5.30. வெள்ளைச் சட்டைக்காரர் படியேறினார்.

"பழைய சாமானெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

டிராயர் பூட்டியபடியே இருந்தது. சாவி என்னிடம்தான். திறந்தேன். உள்ளே கம்பி இல்லை.

நிமிர்ந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து செம்புக் கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

நான் எங்கே பார்க்கிறேன் என்று அவரும் குனிந்து பார்த்தார்...