தூக்கப்படுகிறவன் செய்யும் வேலை

முழங்கால் தேய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ரெஸ்லிங் புரிய ஆரம்பித்தது. சின்ன வயதில் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கண் நன்றாகத் தெரிந்தது, ஆனால் பார்த்தது ஒன்றும் விளங்கவில்லை. இப்போது சம்மணம் போட முடியாது. கண்ணாடி இல்லாவிட்டால் திரையில் நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. ஆட்டம் மட்டும் விளங்குகிறது.

அப்போது நான் மிகவும் வெறுத்தது கழுத்துப் பிடியை. இரண்டு மலைகள் மோதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒருவன் இன்னொருவன் கழுத்தைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். அவ்வளவுதான். அப்படியே கிடப்பார்கள். "எழுந்து அடிங்கடா!" என்று நான் கத்துவேன். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் அந்த இடைவெளியில் போய்த் தண்ணீர் குடித்து, முறுக்கு டப்பாவைக் காலி செய்து திரும்பி வருவான். அப்போதும் அவர்கள் கிடப்பார்கள்.

இப்போது கிண்டியிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருகிறேன். எதிரில் நிற்பவர் மட்டும் ஆட்சேபிக்க மாட்டார் என்றால், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன்.

இரண்டாவது, மைக் பிடித்துப் பேசுவது. சண்டை போட வந்தவன் எதற்குப் பேசுகிறான்? அதுவும் இங்கிலீஷில். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியாது. இன்று அலுவலகத்தில் வாரா வாரம் திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்காருகிறேன். இரண்டு பேர் மாறி மாறிப் பேசியே மூன்றாவது ஆளை வீழ்த்துவதைப் பார்க்கிறேன். மூன்றாவது ஆள் பெரும்பாலும் நான்தான்.

ஆனால் இந்த இரண்டையும்விட எங்களுக்கு இளக்காரமாக இருந்தது ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது. வாரத்துக்கு ஒருவன் வருவான். மற்றவர்களுக்குப் பாட்டும் புகையும் விளக்கும் இருக்கும். இவன் மட்டும் முன்னாலேயே வந்து மேடையில் நின்றுகொண்டிருப்பான், பஸ்ஸுக்கு நிற்பதுபோல. பெரிய ஆள் வருவான், இவனைத் தலைக்கு மேலே தூக்குவான், கீழே அறைவான், முடிந்தது. நாங்கள் அவனுக்கு 'அடிவாங்கி' என்று பெயர் வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டிலும் ஒரு அடிவாங்கி இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்ட நல்ல சட்டையைக் கழற்றி மாட்டிய கையோடு அண்ணன் பஞ்சு மெத்தையைத் தரைக்கு இழுப்பான். அவன் சாம்பியன். என்றைக்கும் அவன்தான் சாம்பியன். என்னைத் தூக்கித் தோளுக்கு மேல் கொண்டுபோய் மெத்தையில் போடுவான். நான் முதுகு அதிர விழுந்து, நாக்கைத் தொங்கப் போட்டுச் செத்துப்போவேன். சாப்பாடு தயார் என்று அம்மா கூப்பிட்டால்தான் உயிர் வரும்.

பிறகு டியூஷனில் ஒரு பையன், "அதெல்லாம் செட்டப்புடா, முன்னாடியே பேசி வெச்சிக்கினு ஆடறானுங்க" என்றான். அண்ணனுக்கு அது பெரிய அடி. அன்றோடு பார்ப்பதை நிறுத்திவிட்டான். ஏமாற்றப்பட்ட ஆத்திரம் அவன் முகத்தில் ஒரு வாரம் இருந்தது. எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. செட்டப் என்றால் தோற்றவனும் உண்மையில் தோற்கவில்லை என்றுதானே அர்த்தம்? என் வசதிக்கு அது ஒத்துப்போனது.

இவ்வளவும் சொல்லக் காரணம் அண்ணனின் இடுப்பு.

போன மழையில் பம்மல் சாலையில் பைக் சறுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. "பயப்படாம ஊனி நடக்கலாம் சார், வாக்கர் வெச்சுக்குங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று பயம். பிசியோதெரபி செய்யும் இளைஞர் காலையில் வருவார். "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று அண்ணன் அனுப்பிவிடுவான். வாக்கர் மூலையில் நின்றது. அண்ணி அதில் துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது டாக்டர் சிரிக்கவில்லை. இப்படியே படுத்திருந்தால் தசை எல்லாம் போய்விடும், அப்புறம் விரும்பினாலும் நிற்க முடியாது, நாற்காலிதான் என்றார். அண்ணன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து மறுபடி படுத்தான்.

படுக்கை என்றால் எல்லாமே படுக்கையில். மலம் சிறுநீருக்குப் பெட்பேன் வைப்பது, எடுப்பது, கழுவுவது எல்லாம் அண்ணிதான். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் எடுத்துவிட்டு வந்து இது. பேன் வைக்கும் நேரத்தில் அண்ணன் சுவர்ப் பக்கம் பார்ப்பான். அண்ணி ஜன்னல் பக்கம் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்திருக்கிறேன். இப்படிப் பேசாமல் இருந்து பார்த்ததில்லை.

நான் வேலை முடிந்து தினமும் போவேன். வழியில் இறங்கிப் பம்மலுக்கு ஷேர் ஆட்டோ. "உள்ள தள்ளி குந்து சார், இன்னும் ஒர்த்தருக்கு இடம் கீது" என்று டிரைவர் சொல்லும்போது ஏற்கெனவே என் ஒரு கால் வெளியே இருக்கும். இப்படிக் கசங்கிப் போய்ச் சேர்ந்தால் அங்கே பேச ஒன்றும் இருக்காது. "எப்படி இருக்க?" "அப்படியேதான்." அதோடு சரி. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இருப்போம்.

பேச்சுக்குப் பஞ்சம் வந்த ஒரு சாயங்காலம், போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்துப் பழைய ரெஸ்லிங் ஒன்றைப் போட்டேன். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். பார்த்தான். மறுநாளும் பார்த்தான். கழுத்துப் பிடி வந்தது.

"இன்னாடா, இன்னும் கழுத்தையே புடிச்சிக்கினு கெடக்கறானுங்க?"

"மூச்சு வாங்கறாங்கண்ணா. பாரு, அவன் காதுல இன்னாவோ சொல்றான்."

"இன்னா சொல்லுவான்?"

"அடுத்தது எப்படி அடிக்கட்டும்னு கேப்பான். இல்லாட்டி, வூட்ல அண்ணி சௌக்கியமான்னு."

அண்ணன் சிரித்தான். சிரித்ததில் இடுப்பு வலித்து என்னைத் திட்டினான். சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. சாப்பிட்ட பிரியாணியின் வேலை என்று நினைக்கிறேன். அண்ணனைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, "வா, நான் தூக்கறேன்" என்றேன்.

"நீயா?"

"நான்தான். எவ்வளவு பாத்திருக்கேன்."

ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவன் செய்யும் தப்பை அப்படியே செய்தேன். குனிந்து, அவன் அக்குளுக்குள் இரண்டு கையையும் விட்டு, முதுகுக்குப் பின்னால் கோத்து, மூச்சைப் பிடித்து ஒரே இழு. தூக்குவது என்றால் பலம்தான் என்று முப்பது வருஷமாக நம்பியவன். அண்ணன் மரக்கட்டை மாதிரி விறைத்துப் பின்பக்கமாகச் சாய்ந்தான். "உடுறா, உடுறா, உழுந்துடுவேன்டா!" என் முதுகில் ஏதோ ஒன்று 'மளுக்' என்றது. இரண்டு பேரும் மெத்தையில் சரிந்தோம். நான் அவன் மார்புமேல். அடிபட்ட பக்கம் படவில்லை, கர்த்தருக்குத் தோத்திரம்.

கரண்டியோடு அண்ணி ஓடிவந்தார். எங்களைப் பார்த்தார். திட்டக்கூட அவரிடம் தெம்பில்லை.

"ஒருத்தருக்குப் பாக்கறதுக்கே எனக்கு முடியல தம்பி. உங்களுக்கும் சேர்த்துப் பேன் வெக்கணுமா?"

சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார். அண்ணன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான். "உன்கிட்ட பலமே இல்லடா. அந்தக் காலத்துல நான் உன்ன எப்படித் தூக்குவேன்? பஞ்சு மாதிரி."

முதுகு வலி, பசி அடங்கிய மயக்கம், மூன்று மாத அலுப்பு. எது காரணம் என்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நீ எங்கண்ணா தூக்கின? நான் குதிச்சேன்."

"இன்னா?"

"நீ தூக்கறதுக்கு முன்னாடியே நான் எகிறிடுவேன். உன் தொடையில ஒரு கை, தோள்ல ஒரு கை. ஊனி ஒரே எகிறு. நீ கையத் தூக்கிப் போஸ் குடுத்தா போதும். பாக்கி எல்லாம் என் வேலை."

"பொய் சொல்ற."

"குதிக்கலன்னா கீழ போட்டுருவ. ஒரு தடவ போட்டியே, பல்லு ஆடிச்சே. அதுக்கப்புறம் எல்லாம் குதிச்சதுதான். இப்ப நீ குதிக்கல. பாரு, நான் தூக்கினேனா?"

அண்ணனுக்குச் சின்ன வயதில் செட்டப் என்று கேள்விப்பட்டபோது வந்த அதே முகம் வந்தது. நாற்பத்தைந்து தாண்டிய மனிதனிடமிருந்து, அதுவும் இடுப்பு உடைந்து கிடக்கும்போது, சாம்பியன் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டேனே என்று எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். இனி வரவேண்டாம் என்று சொல்வான், ஷேர் ஆட்டோவாவது மிச்சம் என்று ஒரு கேவலமான ஆறுதல்கூட வந்தது.

"கைய எங்க ஊன்றதுன்னு சொன்ன?" என்றான் சுவரைப் பார்த்தபடி.

திரும்பவும் உட்காரவைத்தோம். இந்த முறை நான் இழுக்கவில்லை. அவனுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பின்னால போகாத. மூக்கு முன்னாடி வரணும். என் மேலயே உழற மாதிரி சாய்."

"உழுந்தா?"

"கீழ நான் இருப்பேன். உழறது எனக்குப் பழக்கம்தானே."

பிசியோதெரபி இளைஞரும் தினம் காலையில் இதைத்தான் சொல்லியிருந்தாராம், முன்னால் சாயுங்கள் என்று. பிறகு அண்ணி சொல்லித் தெரிந்தது. ஆனால் பாவம், அவர் அண்ணனிடம் ஒருநாளும் அடி வாங்கியதில்லை.

அண்ணன் ஒரு கையை என் தோளில் வைத்தான். இன்னொன்றைக் கட்டில் விளிம்பில் ஊன்றினான். முன்னால் சாய்ந்தான். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். அவன் சாயச் சாய நான் எழுந்தேன். அவன் கனம் முழுவதும் என் மேல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாதிகூட வரவில்லை. பாக்கியை அவனே தூக்கிக்கொண்டான்.

நின்றுவிட்டான்.

நெற்றி என் தோளில் இருந்தது. வியர்வை என் சட்டையை நனைத்தது. நடக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "இரு. கொஞ்ச நேரம் இப்படியே இரு" என்று என் காதில் சொன்னான். இருந்தேன். அவன் மூச்சு என் கழுத்தில் ஏறி இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருந்திருக்கும். எழுந்து அடிங்கடா என்று எவனாவது கத்தியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அந்த அடிவாங்கி எத்தனை பேரைத் தன் முதுகில் பெரிய ஆளாக்கினானோ, எவ்வளவு நேரம் இப்படி மூச்சு வாங்க இடம் கொடுத்தானோ, எதையும் நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் அவன் தோற்றதைத்தான்.

"அடுத்தது இன்னாண்ணா?"

"பாத்ரூம்" என்றான்.

அண்ணி அவசரமாகத் துண்டை உருவிவிட்டு வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அண்ணன் பிடித்துக்கொண்டான். ஒரு அடி. நின்றான். இன்னொரு அடி. நான் பின்னால் கையை அகல விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கப் போகிறவன் மாதிரி நடந்தேன். பக்கத்தில்தான் பாத்ரூம். அந்தத் தூரத்தைக் கடந்த நேரத்தில் நான் தாம்பரத்திலிருந்து நடந்தே வந்திருக்கலாம்போல இருந்தது. வாசலில் வாக்கரைக் கொஞ்சம் திருப்பி, சுவரில் பொருத்தியிருந்த கம்பியைப் பிடித்து உள்ளே போனான். நானும் உள்ளே காலை வைத்தேன்.

"நீ எங்கடா வர்ற?"

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஐயோ, தாப்பாள் போடாதீங்க!" அண்ணி கத்தினார். "உழுந்து வெச்சீங்கன்னா கதவ உடைக்கணும்! என்னங்க! கேக்குதா?"

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணி கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் முதுகு அப்போதுதான் தனக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தது.

"ரெண்டு பேரும் அங்க நிக்காதீங்க" என்று உள்ளிருந்து அதட்டல் வந்தது. "போய் உக்காருங்க. எனக்கு நேரமாகும்."

அண்ணி கட்டிலில் போய் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தேன்.